ஆடியில் கெட்டு, ஆவணியில் விற்ற பேட்டரி

கார் பேட்டரிக் கடைக்குச் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. அதிலும் வாரண்டி கவுண்டருக்கு வருகிறவர்கள் வண்டியை நடுரோட்டில் தள்ளி, வியர்த்து, யாரைத் திட்டலாம் என்று முடிவு செய்துகொண்டே படியேறுகிறார்கள்.

அந்தக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான். பெயர் கலா. மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ் பிடித்து மந்தைவெளிக்கு வந்து காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்வரை பயம்தான். ஆசிட் என்றால் பயம். யாராவது குரலை உயர்த்தினால் பயம். வாடிக்கையாளர் போனுக்கு ஓடிபி வரத் தாமதமானால்கூட பயம். எங்கேயாவது ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, "கம்பெனி ரூல் சார், நான் என்ன பண்ணட்டும்" என்று சொல்லிப் பிழைக்கிறவர் என்றால் நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், ஆனால் சிரிக்கக் கூடாது.

புருவம்

எங்கள் கடையில் பேட்டரி மாட்டுகிறவர் காதர் பாய். ராயப்பேட்டைக்காரர். அவருக்கு இடது புருவம் கிடையாது. சேர்ந்த புதிதில் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு அவராகவே சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்சி பேட்டரி. உள்ளே ஓர் இடத்தில் ஈயம் பற்றவைத்த இணைப்பு விட்டுப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மீட்டர் வைத்தால் நல்ல பேட்டரி மாதிரியே காட்டும். குலுங்கினால் செத்துப்போகும், மறுபடி உயிர் வரும். அது தெரியாமல் இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் இழுத்து அதற்கு மின்சாரம் கொடுத்திருக்கிறார். உள்ளே ஒரு பொறி. பேட்டரியிலிருந்து எப்போதும் கொஞ்சம் வாயு வந்துகொண்டிருக்குமாம். மூடி பறந்து, ஆசிட் முகத்தில் அடித்திருக்கிறது.

அன்றைக்கு ஏதோ நினைப்பில் கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து நான் பேட்டரி பக்கத்தில் மூச்சுகூடச் சத்தமாக விடுவதில்லை. பாய் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"புருவம் போனா பென்சில்ல வரைஞ்சுக்கலாம் கலாம்மா. கண்ணு போச்சுன்னா அதுக்கு எந்தக் கடைல வாரண்டி கீது?"

பேட்டரிக்குப் பேட்டரி

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். தூத்துக்குடிப் பக்கம். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் இறங்கும். ரொம்பக் கோபம் என்றால் நாம் கிட்டே போய்க் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். நான் சேர்ந்த அன்று அவர் இரண்டே இரண்டு விதி சொன்னார். பில் போடாமல் ஒரு பேட்டரியும் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. போனால், கொடுத்தவரும் கூடவே போய்விடலாம். இரண்டாவது, கெட்டுப்போன பேட்டரிக்கு வேறு பேட்டரி உண்டு, பணம் வாபஸ் கிடையாது.

இரண்டாவது விதியை ஒரு நாள் தி.நகர் புடவைக் கடை மேனேஜர் ஒருவர் உடைக்கப் பார்த்தார். பேட்டரி வாங்கி இரண்டே மாதம், வண்டி கிளம்பவில்லை, எனக்குப் புதுசு வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று கண்ணாடித் தடுப்பைத் தட்டினார். தட்டிய தட்டில் என் பேனா உருண்டு கீழே விழுந்தது. நானும் அதை எடுக்கிற சாக்கில் மேஜைக்குக் கீழே போய், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். மேலே அண்ணாச்சியின் குரல் மெல்லியதாகக் கேட்டது:

"நீங்க வித்த புடவையைக் கட்டிக் கிழிச்சுட்டுக் கொண்டாந்தா பணம் தருவீயளா சார்? பேட்டரிக்குப் பேட்டரி தாரோம், உக்காருங்க, மோர் சாப்பிடுங்க."

ஒரே ஒரு வாரம்

ஆடி மாதம் எங்களுக்கு ஈ ஓட்டுகிற மாதம். ஆடித் தள்ளுபடி என்றால் தி.நகரில் மிதிபட்டு உதைபட்டுப் புடவை வாங்குகிற அதே ஜனம், வண்டிக்கு மட்டும் ஆடியில் ஒரு பொருள் புதிதாக மாட்டாது. தள்ளித் தள்ளியே ஓட்டி ஆவணி பிறந்ததும் வரும். சென்ற ஆடியில், ஆவணிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை சாவித்திரி மாமி வந்தார். மயிலாப்பூர். அறுபத்தைந்து வயதிலும் தன் பழைய டீசல் காரைத் தானே ஓட்டுகிறவர். அன்று நாலு பேர் தள்ளித்தான் வண்டி கடை வாசலுக்கு வந்தது. மாமியின் கணவருக்கு இருதய ஆபரேஷன் ஆகி ஒரு மாதம். வெள்ளிக்கிழமை அடையாறு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. வண்டி இல்லாமல் முடியாது, ஆனால் ஆடியில் வாங்கிய பேட்டரி என்று தெரிந்தால் மாமா அந்த வண்டியில் ஏற மாட்டார். பில், வாரண்டி கார்டு எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற மனிதர்.

"இன்னிக்கு மாட்டிக் கொடுத்துடு. கார்டுல மட்டும் ஆவணி ஒண்ணுன்னு எழுதிக் கொடு. அவர் கேட்டா அட்வான்ஸ் கட்டியிருக்கேன், ஆவணியிலதான் மாட்டுவான், அதுவரைக்கும் பழசுதான்னு காட்டறேன்" என்றார் மாமி. கம்ப்யூட்டர் வரப்போகிற தேதிக்குப் பில் போடாது. எனக்கும் தெரியும். ஆனால் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுத்துச் சொல்லவும் எனக்குப் பயம்தான், அதுதான் உண்மை. அண்ணாச்சி சாப்பாட்டுக்குப் போயிருந்தார். கார்டில் ஆவணி ஒன்றாம் தேதியை எழுதி முத்திரை குத்தினேன். பணத்தை ஓர் உறையில் போட்டு என் டிராயரில் வைத்தேன். ஆவணி ஒன்று அன்று காலை முதல் வேலையாகப் பில் போட்டுவிடலாம் என்று கணக்கு. பில் போட்டாயிற்று என்ற நினைப்பில் காதர் பாய் பேட்டரியை மாட்டினார். மாமி வண்டியைக் கிளப்பிவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்:

"கவலைப்படாதே கலா, ஒரே ஒரு வாரம்தானே, அதுக்குள்ள என்ன ஆயிடப் போறது!"

பூஜ்யம்

இரண்டு நாளில் ஆனது. வெள்ளிக்கிழமை காலையிலேயே எனக்கு ஒரு இடி. மறுநாள் கம்பெனியிலிருந்து ஆள் வந்து கடையில் இருக்கும் பேட்டரிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார் என்று தகவல். கம்ப்யூட்டர்படி இருக்க வேண்டிய பேட்டரியில் ஒன்று மாமியின் காருக்குள் இருக்கிறது. அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போனார், அண்ணாச்சி சாப்பிடப் போனார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வர, பின்னால் மாமி.

அடையாறு பாலத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் வண்டி அப்படியே நின்றுவிட்டதாம். விளக்கில்லை, ஹாரன் இல்லை, ஒன்றுமே இல்லை. பின்னால் பஸ் வந்து ஒரு சாண் இடைவெளியில் நின்றதாம். மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய், ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மாமிக்கு மூச்சு வந்திருக்கிறது. நான் பேட்டரியில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டரை. நல்ல பேட்டரி காட்டுகிற எண். கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். பூஜ்யம். மறுபடி அசைத்தேன். பன்னிரண்டரை. எனக்கு உடனே பாயின் புருவம் ஞாபகம் வந்து இரண்டடி பின்னால் போனேன். கம்பெனி ஆப்பில் எண்ணைப் போட்டு கிளெய்ம் என்று அழுத்தினால், இந்தப் பேட்டரி இன்னும் விற்கப்படவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அதற்கும் மேல், மாமிக்கு வேறு பேட்டரியும் வேண்டாமாம்:

"அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். தப்பு பேட்டரி மேல இல்லையாம், ஆடி மேலயாம். இது ஆத்துக்குள்ள வரப்படாதுன்னுட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துடும்மா."

வாபஸ்

நண்பர்களே, அந்த நிமிஷத்தில் என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். டிராயரில் மாமியின் பணம் அப்படியே உறைக்குள் இருந்தது. எண்ணிக்கையில் குறைந்த பேட்டரி மேஜை மேல் இருந்தது. பணத்தைக் கொடுத்துப் பேட்டரியை அலமாரியில் வைத்துவிட்டால், புதன்கிழமை எதுவுமே நடக்கவில்லை. யாருக்கும் தெரியாது. அண்ணாச்சி குரலை இறக்க வேண்டியதில்லை. உறையை மாமியிடம் நீட்டினேன். கார்டை வாங்கி நாலாகக் கிழித்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். ஈரத்துணியால் பேட்டரியைத் துடைத்து, முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டு, கீழ்த் தட்டில், சுவரை ஒட்டிக் கடைசியாக வைத்தேன். நாளைக்கு எண்ணி முடியட்டும், அப்புறம் பாயிடம் மெதுவாகச் சொல்லிக் கெட்ட பேட்டரிகளோடு சேர்த்துவிடலாம் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

மாமிக்கு ஒரே சந்தோஷம். சென்னையில் எந்தக் கடையிலும் நடக்காத அதிசயம் அவருக்கு நடந்திருக்கிறது. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, ரோட்டில் போகிறவருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கேட்ட உடனே பணத்தைத் திருப்பிக் கொடுத்தியே, நீ நன்னா இருப்பே!"

தூசி

சனிக்கிழமை வந்த கம்பெனி ஆள் ரொம்பச் சின்ன வயது, ரொம்ப மரியாதை. ஒவ்வொரு பேட்டரியாக இழுத்து எண்ணை ஸ்கேன் செய்தார். நான் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன். மேல் தட்டு முடிந்தது, நடுத்தட்டு முடிந்தது. கீழ்த் தட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து கடைசிப் பேட்டரியை இழுத்தபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் மேலே தடவிப் பார்த்தார். அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அண்ணாச்சியும் வந்து குனிந்து பார்த்தார். பாயும் வந்தார். நாலு பேரும் அந்த ஒரு பேட்டரியைச் சுற்றி நின்றோம். எல்லாம் முடிந்தது, பஸ் பாஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கம்பெனி ஆள் விரலை உயர்த்திக் காட்டினார். விரலில் ஒன்றும் இல்லை. அதுதான் விஷயமாம்:

"மத்ததெல்லாம் ஒரே தூசி சார். இது ஒண்ணுதான் பளபளன்னு இருக்கு. மேடம், எல்லாத்தையும் இதே மாதிரி மெயின்டெய்ன் பண்ணுங்க."

திங்கள், செவ்வாய்

ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை பாயிடம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே வாக்கியம் தயார் செய்துகொண்டு வந்தேன். "பாய், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பம். அன்று அவருக்குப் பல்வலி. பல்வலிக்காரரிடம் போய் என்னத்தைச் சொல்வது? செவ்வாய்க்கிழமை பல்வலி போய்விட்டது, எனக்கு வாய் வரவில்லை. ஆடி கடைசியில் யார் பேட்டரி வாங்க வரப்போகிறார்கள், சுவரை ஒட்டிப் பத்திரமாகத்தானே இருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். இருந்தாலும் மணிக்கொரு தரம் எதையோ தேடுகிற மாதிரி கீழ்த் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டேன். பாய் கவனித்திருக்கிறார்:

"இன்னா கலாம்மா, எலி கிலி கீதா அங்க?"

ஆவணி ஒன்று

ஆவணி பிறந்தது. ஆடி முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு எல்லாம் புதன்கிழமை காலை ஒன்பதரைக்கே எங்கள் வாசலில் நின்றது. நான் பஸ் கிடைக்காமல் கால்மணி நேரம் தாமதம். வந்ததும் பில் போட உட்கார்ந்தவள் தலை நிமிரவில்லை. பாய் பேட்டரியைத் தூக்கி வந்து எண்ணைச் சொல்வார், நான் தட்டுவேன், அடுத்தது. பதினொரு மணி வாக்கில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாவித்திரி மாமி வந்து நின்றார். கூடவே மாமா, மெலிந்து, நெற்றியில் சந்தனத்தோடு. மாமா புதுப் பேட்டரிக்கு நான் போட்ட பில்லை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேதியை இரண்டு முறை படித்தார். மாமி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். வாயைத் திறந்து வெள்ளிக்கிழமைக் கதையைச் சொல்லிவிடப் போகிறாரே என்று அண்ணாச்சி பக்கம் பார்த்தேன். நல்லவேளை, அவர் வாசலில் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் பேசியது பாய். "இன்னா மாமி, போன வாரம்தான உங்க வண்டிக்கு மாட்டினேன்?" என்றார். "அது ஆடி, இது ஆவணி" என்றார் மாமி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. நான் கீழ்த் தட்டைத் திரும்பிப் பார்த்தேன். தட்டு காலி. சுவர் தெரிந்தது. பாய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தடுப்புக்குப் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல் கேட்டார்:

"அப்போ அந்தப் பேட்டரி எங்க கீது கலாம்மா?"

கடைசி நாலு எண்

அந்தப் பேட்டரியின் கடைசி நாலு எண் எனக்கு மனப்பாடம். ஐந்து நாளாகத் தூக்கத்தில்கூட அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று காலை அதே எண்ணை என் கையாலேயே பில்லில் தட்டியிருக்கிறேன், தெரியவில்லை. பில்களைப் புரட்டினேன். ஒன்பதாவது பில். பட்டினப்பாக்கம் அமலா அக்கா. மீன் வியாபாரம். மாமியின் காருக்கும், அக்கா மீன் ஏற்றுகிற குட்டியானை என்கிற சின்ன லாரிக்கும் ஒரே அளவு பேட்டரிதான். பாயிடம் எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொன்னேன். ஐந்து நாளாக வராத வார்த்தை அப்போது கொட்டியது. மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினேன், பன்னிரண்டரை காட்டியதே என்றார் பாய். அசைத்துப் பார்த்தீர்களா என்றேன். அவர் கை தானாக இடது புருவம் இருந்த இடத்துக்குப் போனது.

அக்கா போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மீன் சந்தை இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? அந்த வண்டியை ஓட்டுகிறவர் அக்காவின் கணவர் ஸ்டீபன் அண்ணன். வண்டி நின்றால் பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் இழுத்துக் கிளப்பிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். கூட்டம் வாசலில் நிற்க, அண்ணாச்சி "எங்க போறிய ரெண்டு பேரும்" என்று கேட்க, பதில் சொல்லாமல் பாயின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். பாய் வண்டியை முறுக்கும்போது சொன்னது இது ஒன்றுதான்:

"அந்தாளு குனிஞ்சு பாக்கறதுக்குள்ள நம்ப போய்ச் சேர்ந்துடணும் கலாம்மா, துவா பண்ணிக்கினே வா."

மீன் சந்தை

வெயில் ஏறியிருந்தது. பட்டினப்பாக்கத்தில் மீன் கூடைகளுக்கு நடுவில் அந்தக் குட்டியானை நின்றுகொண்டிருந்தது. ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தது. மேலே ஐஸ் உருகித் தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் ஓர் ஆட்டோ மூக்கை ஒட்டி நிறுத்தப்பட்டிருந்தது. ஆட்டோவிலிருந்து இரண்டு ஒயர் இந்தப் பக்கம் வந்திருந்தது. சிவப்பு ஒயர் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. ஸ்டீபன் அண்ணன் கறுப்பு ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பேட்டரிக்கு ஒரு முழம் தூரத்தில் வைத்து, எங்கே மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. வாழ்க்கையிலேயே அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. சந்தையே திரும்பிப் பார்த்தது. அண்ணனும் நிமிர்ந்து பார்த்தார். அந்த இடைவெளியில் பாய் ஓடிப்போய் அவர் கையிலிருந்த ஒயரைப் பிடுங்கினார். பிறகு ஆட்டோ பக்கம் இருந்த முனைகளைக் கழற்றி, கொஞ்ச நேரம் காத்திருந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பேட்டரியை வெளியே எடுத்தார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் கடைக்குப் போய் வேறு பேட்டரி கொண்டுவந்து, அசைத்து, தட்டி, தலைகீழாகக் கவிழ்க்காத குறையாகப் பரிசோதித்து மாட்டினார். வண்டி உறுமியது. நடந்தது எதுவும் அமலா அக்காவுக்குத் தெரியாது. எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். ஒரு மீனைப் பையில் போட்டு என் மடியில் வைத்தார். முகம் பூராவும் சிரிப்பு:

"இன்னாமா இது! வண்டி நின்னு பத்து நிமிசம் ஆவல, போன்கூடப் பேசல, அதுக்குள்ள ஓடியாந்துட்டீங்க. இது கடை!"

வஞ்சிரம்

கடைக்குத் திரும்பும்போது கூட்டம் கலைந்திருந்தது. என் நாற்காலியில் அண்ணாச்சி உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டிப் பில் போட்டு முடித்திருந்தார். நான் நின்றுகொண்டே ஆடி புதன்கிழமையிலிருந்து சொன்னேன். கார்டில் எழுதிய தேதி, உறை, கிழித்துப் போட்ட கார்டு, ஈரத்துணி, எல்லாம். அவர் முதலில் கேட்டது, "அந்த ஆளுக்குக் கண்ணு ரெண்டும் நல்லா இருக்குல்லா?" என்றுதான். இருக்கிறது என்றார் பாய். அண்ணாச்சி என் எதிரிலேயே கம்பெனிக்குப் போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார். பிறகு போனை என் பக்கம் தள்ளினார். அமலா அக்காவிடம் நீயே உண்மையைச் சொல் என்றார். கிட்டே போய்க் காதைக் கொடுத்துத்தான் அதைக் கேட்க முடிந்தது.

அந்த போன் அழைப்பைவிடப் பேட்டரி பக்கத்தில் முகத்தை வைப்பது எவ்வளவோ தேவலை. இந்த முறை அக்கா முதல் மணியிலேயே எடுத்தார். கெட்டது என்று தெரிந்தே அலமாரியில் வைத்தேன், அதுதான் உங்கள் வண்டிக்கு வந்துவிட்டது, ஓடி வந்தது அதனால்தான் என்றேன். பிறகு வந்த திட்டில் பாதியை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது கடைசியில் வந்தது:

"எம் புருசன் மூஞ்சி அதுக்கு நேரா இருந்துச்சேடீ! நான் இன்னாமோ, நீ எங்க மேல பாசத்துல ஓடியாந்தேன்னு நெனச்சுக்கினு, உனக்குன்னு நல்ல வஞ்சிரமாப் பாத்துக் குடுத்தேனேடீ பாவி!"

யாரைப் பார்த்து

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். பாய் வேலை இருப்பதுபோல் வெளியே போனார். சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். போகச் சொல்வதற்கு முன்னால் நாமே கிளம்பிவிட்டால், அந்த மெல்லிய குரலைக் கேட்க வேண்டியதில்லை. அண்ணாச்சி என்னை உட்காரச் சொன்னார். "வெள்ளிக்கிழமையே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா? ஏன் சொல்லல?" என்றார். பயம் என்றேன். "யாரைப் பாத்து? மாமியைப் பாத்தா, கம்பெனிக்காரனைப் பாத்தா?" என்றார். உங்களைப் பார்த்துத்தான் அண்ணாச்சி என்றேன்.

அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். ஒரு பேட்டரி வெடித்திருந்தால்கூட அப்படித் திடுக்கிட்டிருக்க மாட்டார். "நான் உன்னை ஒரு நாளாவது சத்தம் போட்டிருக்கேனா?" என்று கேட்டார். இல்லை, அதுதான் பயம் என்றேன். உள்ளே என்ன ஓடுகிறது என்றே தெரியாது, குரல் இறங்க இறங்க என்ன நடக்கப் போகிறதோ என்று மத்தியானச் சோறு இறங்காது, மற்ற கடை முதலாளிகள் மாதிரி நாலு கத்து கத்திவிட்டால் அதோடு போச்சு என்று தெரியும் என்றேன். எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ தெரியவில்லை. சந்தையில் கத்திய கத்தலில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம். அண்ணாச்சி மேஜை மேலிருந்த பில்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு என் தோளிலிருந்த பையைக் கீழே வைக்கச் சொல்லிக் கைகாட்டினார்:

"சரி, இனிமே நான் கத்துதேன். நீ சொல்லிரு."

அன்றிலிருந்து அண்ணாச்சி என்னைத் திட்டுகிற திட்டு மந்தைவெளி பஸ் நிலையம் வரைக்கும் கேட்கிறது, எனக்கும் மத்தியானச் சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறது.